ஒரு மூட்டை உரமும் ஒரு கவிதையும்

போன இதழில் சமையல் குறிப்பு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "குறிப்பும் கவிதை மாதிரிதான், அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். சமையலை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இந்த மாதம் வந்த தபாலில் முக்கால்வாசி கவிதை பற்றித்தான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால், இந்த முறை எல்லோருக்கும் ஊரே பெயர்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பேராசிரியன் இல்லை. கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் கம்பாசிட்டர். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குகிற வேலை. கவிதையோடு எனக்குள்ள பழக்கம் விரல் வழியாக வந்தது.

கேள்வி: கவிதையால் என்ன பயன்? அதை விற்று ஒரு மூட்டை உரம் வாங்க முடியுமா? (திருத்துறைப்பூண்டி)

முடியாது. யூரியாவுக்கு வரிசையில் நிற்கிற ஆளிடம் வேறு பதில் சொன்னால் அது பொய்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். என் அப்பா நெல் மண்டியில் எடை போடுகிறவர். அவர் போனபோது எனக்கு வயது முப்பத்தொன்று. அதற்குள் ஒரு பதினைந்து கவிதைப் புத்தகமாவது அச்சுக்குக் கோத்திருப்பேன். வாசலில் அவரைக் கிடத்தியிருக்கிறார்கள், வருகிறவர்கள் கையைப் பிடிக்கிறார்கள், எனக்கு வாயில் ஒரு சொல் வரவில்லை. மத்தியானம் அத்தை வந்தாள். அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. ஒரு வரப்புத் தகராறில் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வந்தவள் யாரையும் பார்க்கவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்தாள், தலையை அவிழ்த்தாள், ஆரம்பித்தாள்.

"தராசு தொங்குதண்ணே, தட்டு ரெண்டும் ஆடுதண்ணே,
எடைக்கல்லு காத்திருக்கு, என்
கூடப் பொறந்தவரே, கையெங்கே வச்சீங்க?"

அத்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. வரும் வழியில் பஸ்ஸில் யோசித்திருப்பாளோ, உட்கார்ந்த பிறகுதான் வந்ததோ, கேட்கவில்லை. சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தராசு ஆடுகிறதே, அதில் எல்லாம் வந்துவிட்டது. என் அம்மா எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டாள். நான் அப்போதுதான் அழுதேன்.

இதே வேலையை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இரண்டு பெண்கள் செய்திருக்கிறார்கள். பறம்புமலைப் பாரியின் மகளிர். மூவேந்தரும் முற்றுகையிட்டு அப்பாவைக் கொன்றாயிற்று, மலையும் போயிற்று. புறநானூற்றில் 112-ஆம் பாட்டு, மொத்தமே ஐந்து அடி:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

போன மாதம் அந்த நிலா வெளிச்சத்தில் அப்பா இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாதம் இந்த நிலா வெளிச்சத்தில் மலையைக் கொண்டுபோய்விட்டார்கள், அப்பாவும் இல்லை. அவ்வளவுதான் சேதி.

இதை ஒருமுறை ஒரு பள்ளி ஆண்டு மலருக்காகக் கோத்தேன். முதல் அடியைக் கோத்து முடித்து மூன்றாவதுக்கு வந்தால், கை நின்றுவிட்டது. முதல் அடியில் இரண்டு அ-வை எடுத்துவிட்டு இரண்டு இ-யை வைத்தால் அதுவே மூன்றாம் அடி. வேறு ஒரு எழுத்தையும் தொட வேண்டாம். நிலா அதே நிலா. நடுவில் ஒரு மாதம், ஒரு தகப்பன், ஒரு மலை. இன்னொன்றும் பாருங்கள். முன்னால் சொல்லும்போது அப்பா முதலில், மலை பிறகு. பின்னால் சொல்லும்போது மலையை முதலில் சொல்லிவிட்டு அப்பாவைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். சொல்ல வாய் வராததைத் தள்ளிப்போடுவது போல. அழுகை, துயரம் என்று ஒரு சொல் அந்த ஐந்து அடியில் கிடையாது.

உரத்துக்கு இது மாற்று இல்லைதான். உங்கள் வீட்டிலும் ஒருநாள் நிலா அப்படிக் காயும், ஐயா. அன்றைக்கு வாயில் ஏதாவது இருந்தால் நல்லது.

கேள்வி: கவிஞர்கள் எப்படி எழுதுகிறார்கள்? மூட் வந்தால்தான் எழுத முடியுமா? (நாகர்கோவில், கல்லூரி மாணவி)

மூட் வந்து எழுதியவர்களின் கையெழுத்துப் பிரதிகள் எங்களிடம் மூட்டையாக வந்திருக்கின்றன. படிப்பதற்கு எங்களுக்கு மூட் வந்ததில்லை!

ஒரு ஆள் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. முதல் தொகுப்பை எங்களிடம்தான் அடித்தார். அதில் ஒரு கவிதை நான் கோக்கும்போது இருபத்திரண்டு வரி. கிணறு வற்றிப்போனதைப் பற்றி. "சோகமாய்த் தொங்கும் வாளி", "வறண்டுபோன என் நெஞ்சம் போல", "ஓ வானமே" எல்லாம் உண்டு. முதல் புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் வந்து பாதியை அடித்துவிட்டார். அந்தக் காலத்தில் அடிப்பது சாதாரண விஷயமில்லை. கோத்த எழுத்தைப் பிரித்து மறுபடி அந்தந்த அறையில் போட வேண்டும், எங்கள் கூலி வீண். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். இரண்டாவது புரூஃபில் இன்னும் நாலு வரி போயிற்று. "சார், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

மனுஷன் சிரித்தபடி என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். பேச்சுவாக்கில், "எங்கம்மா ஒரு கூத்து பண்ணியிருக்கா. கிணத்துல தண்ணியே கிடையாது, நேத்து சந்தைக்குப் போயி புதுக் கயிறு வாங்கிட்டு வந்து..." என்றவர் அங்கேயே நிறுத்திவிட்டார். டம்ளரில் பாதி டீ இருந்தது. வைத்துவிட்டு அச்சகத்துக்குள் போய் என் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்:

கிணறு வற்றி
மூன்று வருஷம்.
கயிற்றை மட்டும்
மாற்றினாள் அம்மா.

இருபத்திரண்டு வரி நாலாகிவிட்டது. நெஞ்சம் போயிற்று, வானம் போயிற்று, சோகம் போயிற்று. கயிறு வந்தது.

இதில் மூட் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். மூன்று வாரமாக அந்தக் கிணற்றடியில் அவர் எதையோ தேடிக்கொண்டிருந்திருக்கிறார், தப்பான இடத்தில். கயிறு கண்முன் தொங்கியது. அம்மாவின் நம்பிக்கை என்று எழுதியிருந்தால் நான் இன்றைக்கு உங்களுக்கு இதைச் சொல்லமாட்டேன். கயிறு என்று எழுதினார்.

பழக்கமாகச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. எழுதியதை மூடி வைத்துவிட்டு, அதே விஷயத்தை உங்கள் அக்காவிடமோ தோழியிடமோ சும்மா பேச்சில் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது குரல் எங்கே மாறுகிறதோ அந்த இடம் நீங்கள் எழுதியதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இருக்காது.

கேள்வி: யாப்பு தெரியாதவர்கள் எழுதுவதை எல்லாம் கவிதை என்கிறீர்களே. உரைநடையை ஒடித்துப்போட்டால் கவிதையா? (திருநெல்வேலி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

ஐயா, உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. முதலில் அந்தப் பாதி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் மேல்பக்கத்தில் குறள் போட வேண்டும் என்றார்கள். கோத்து, புரூஃப் எடுத்து, சத்தமாகப் படித்தேன்: "கற்க கசடறக் கற்றபின்..." மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஃபோர்மேன் தலையைக் கூடத் தூக்காமல், "ஒரு சீர் குறையுதுடா" என்றார். பார்த்தால் "கற்பவை"யை விட்டிருக்கிறேன். கற்ப, கற்ற என்று கண் ஒரு தாவு தாவிவிட்டது. அவர் எட்டாவது வரை படித்தவர். குறளுக்கு ஏழு சீர், முதலடியில் நாலு, இரண்டாவதில் மூன்று என்பது காதுக்குத் தெரிந்திருக்கிறது. யாப்பு என்பது செய்யுளுக்குப் போட்ட பூட்டு. ஒரு சொல் களவு போனாலும் சத்தம் கேட்டுவிடும்.

இப்போது என்னுடைய பாதி. ஓலைச்சுவடியைப் பார்த்திருப்பீர்கள். அதில் பாட்டை அடி அடியாக மடக்கி எழுதுவது வழக்கமில்லை. ஓலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விடாமல் ஓடும். அடி எங்கே முடிகிறது என்று எதுகையும் சீர்க்கணக்கும்தான் சொல்ல வேண்டும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தாளும் அச்சும் வந்த பிறகுதான் வரியை இந்த இடத்தில் நிறுத்து, மீதியைக் காலியாக விடு என்று எழுதுகிறவன் கண்ணுக்குச் சொல்ல முடிந்தது. ந. பிச்சமூர்த்தி 1934-இல் மணிக்கொடி பத்திரிகையில் யாப்பை விட்டு எழுதிப் பார்த்ததும், சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி அந்த மாதிரிக் கவிதைகளுக்கு இடம் கொடுத்ததும் அச்சு இல்லாமல் நடந்திருக்காது. புதுக்கவிதை அச்சகத்தில் பிறந்த பிள்ளை என்று நான் சொல்லிக்கொள்வேன். கொஞ்சம் சொந்தப் பெருமையும் உண்டுதான்.

ஆனால் அந்தக் காலி இடம் சும்மா வருவதில்லை. ஈய அச்சில் வெள்ளைத் தாளுக்கும் ஈயம் வேண்டும். வரி முடிந்த பிறகு மிச்சம் இருக்கிற இடத்தை எழுத்தில்லாத வெற்றுக் கட்டைகளால் அடைத்தால்தான் பாரம், அதாவது அச்சுக்குக் கட்டிய பக்கம், ஆடாமல் நிற்கும். கவிதைப் புத்தகத்தில் எழுத்தைவிட வெற்றுக் கட்டைதான் அதிகம் செலவாகும். "நான் / நேற்று / கடைக்குப் / போனேன்" என்று எழுதிக்கொண்டு வருகிறவரைப் பார்த்தால், உங்கள் காலியிடத்துக்கு நான் எடை கட்டுகிறேன், நீங்கள் என்ன கட்டினீர்கள் என்று கேட்கத் தோன்றும்.

ஒடித்ததா, கவிதையா என்று பார்க்க நான் செய்வது: எல்லா வரியையும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதிப் பார்ப்பேன். கெடுதல் ஒன்றும் இல்லையென்றால் அது உரைநடைதான், உங்கள் கட்சி ஜெயித்தது. "கிணறு வற்றி மூன்று வருஷம், கயிற்றை மட்டும் மாற்றினாள் அம்மா" என்று ஓட்டிப் பாருங்கள். "கயிற்றை மட்டும்" என்ற இடத்தில் அரை நொடி நிற்க வேண்டியிருந்ததே, அது காணாமல் போகும்.

எழுத வருகிற பிள்ளைகள் பத்து வெண்பாவாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்பதில் உங்களோடு முழு உடன்பாடு. எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டுவிடலாம். காது மிஞ்சும்.

கேள்வி: என் காதலிக்கு அனுப்ப எட்டு வரியில் ஒரு கவிதை எழுதித் தருவீர்களா? (சிவகாசி)

தரமாட்டேன் தம்பி. அவள் என்னைக் காதலிக்க ஆரம்பித்துவிட்டால் எனக்கு இந்த வயதில் சிரமம். அவள் செருப்பு வார் அறுந்தபோது என்ன செய்தாள் என்று நினைவிருக்கிறதா? அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

கேள்வி: செய்யுள் மனப்பாடப் பகுதியை நினைத்தாலே வெறுப்பாக இருக்கிறது. புரிந்தால் போதாதா, ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? (அரியலூர், ஒன்பதாம் வகுப்பு)

எனக்கும் வெறுப்புத்தான் கண்ணு. வரி விட்டுப்போனால் விரல் முட்டியில் அடி. அடித்துப் படிக்கவைப்பது தப்பு என்று இப்போதும் சொல்வேன்.

ஆனாலும் ஒரு கதை கேள். சில வருஷத்துக்கு முன் என் மனைவிக்கு ராத்திரியில் அவசரமாக ஆபரேஷன். வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். போனில் சார்ஜ் இல்லை. மணி இரண்டு. மின்விசிறி ஓடவில்லை, வைகாசிப் புழுக்கம். அப்போது யாரும் கூப்பிடாமலே வாயில் வந்தது, ஏழாம் வகுப்பில் அடிவாங்கிப் படித்த அப்பர் தேவாரம்:

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

எனக்குப் பெரிய பக்தி கிடையாது. ஆனால் அன்றைக்குத்தான் அந்தப் பாட்டு என்ன செய்கிறது என்று தெரிந்தது. அப்பரைச் சுண்ணாம்புக் காளவாய்க்குள் அடைத்தபோது பாடியது என்று பெரியபுராணம் சொல்கிறது. உள்ளே வேகிற சூடு. பாட்டில் சூடு என்று ஒரு சொல் உண்டா பார். வீணை, சாயங்கால நிலா, தென்றல், வண்டு மொய்க்கிற குளம், கடைசியில் நிழல். ஒவ்வொன்றாகக் குளிர்ச்சியைக் கொண்டுவந்து அடுக்குகிறார். மாசில், வீசு, மூசு, ஈசன் என்று எதுகை கையைப் பிடித்து அடுத்த வரிக்குக் கூட்டிப்போகிறது, மறக்க விடாது. விடிகிற வரை நாற்பது ஐம்பது தடவை சொல்லியிருப்பேன். புரிந்துகொண்டு மட்டும் விட்டிருந்தால் அன்றைக்கு என்னிடம் அர்த்தம்தான் இருந்திருக்கும், பாட்டு இருந்திருக்காது. (மனைவி நன்றாக இருக்கிறாள். இதை எழுதியது தெரிந்தால் திட்டுவாள்.)

இன்னொரு கதையும் உனக்குப் பிடிக்கும். ரஷ்யாவில் அன்னா அக்மதோவா என்று ஒரு கவிஞர். ஸ்டாலின் காலத்தில் மகனைச் சிறையில் போட்டுவிட்டார்கள். லெனின்கிராடில் சிறை வாசலில் மற்றத் தாய்மார்களோடு பதினேழு மாதம் வரிசையில் நின்றார். அதைப் பற்றிக் கவிதை எழுதினார், ஆனால் எழுதிய தாள் வீட்டில் அகப்பட்டால் தீர்ந்தது. சுவருக்கும் காது இருக்கும் என்று பயம். அதனால் தோழி லிடியா சுகோவ்ஸ்கயா வந்தால், "டீ சாப்பிடுகிறாயா?" என்று உரக்கக் கேட்டுக்கொண்டே ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டுவார். தோழி படித்து மனப்பாடம் செய்துகொண்டு திருப்பிக் கொடுப்பார். "இந்த வருஷம் இலையுதிர்காலம் சீக்கிரமே வந்துவிட்டது" என்று சத்தமாகச் சொல்லியபடி அக்மதோவா தீக்குச்சி கிழித்துச் சாம்பல் கிண்ணத்தில் அதை எரித்துவிடுவார். இப்படி ஒரு நீண்ட கவிதை சில பேர் தலைக்குள் மட்டும் வருஷக்கணக்கில் இருந்தது. முழுதாக அச்சானது 1963-இல், அதுவும் வெளிநாட்டில், மியூனிக்கில். சொந்த நாட்டில் அச்சேற 1987 ஆயிற்று.

அந்தத் தோழிக்கும் மனப்பாடப் பகுதிதான். மதிப்பெண் மட்டும் கிடையாது.

கேள்வி: எங்கள் மண்ணில் நடந்தவற்றுக்கு முன்னால் கவிதை என்ன செய்துவிட்டது? (வவுனியா)

எதையும் தடுக்கவில்லை. உங்களுக்கு நான் சமாதானம் சொல்ல வரவில்லை. நான் பாதுகாப்பான கரையில் இருந்தவன்.

ஒரு வாசகனாக மட்டும் ஒன்று. யாழ்ப்பாணம் பொது நூலகத்தை 1981-இல் எரித்ததைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். தொண்ணூறாயிரத்துக்கு மேல் புத்தகங்கள், ஓலைச்சுவடிகள் என்ற கணக்கெல்லாம் படித்ததுதான். எனக்குள் நிற்பது ஈழத்துக் கவிஞர் எம்.ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' என்ற கவிதை. கனவில் புத்தரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். உடல் நூலகப் படிக்கட்டருகே கிடக்கிறது. கொன்றவர்கள் அதைப் புத்தகங்களால் மூடி எரிக்கிறார்கள். அன்றிரவு எரிந்தது புத்தகம், புத்தரை யாரும் சுடவில்லை. நடக்காத ஒன்றை எழுதி நடந்ததைச் சொன்னார். பத்திரிகைக்காரன் அதைச் செய்ய முடியாது, விசாரணைக் கமிஷனும் முடியாது. எரித்தவர்கள் எதை எரித்தார்கள் என்று அவர்களுடைய வேதத்தை வைத்தே காட்டிவிட்டார்.

அது போதுமா என்றால், போதாது.

கேள்வி: சொந்தக் காசில் 300 பிரதி தொகுப்பு போட்டேன். 260 கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கவிஞனாக என் பெயர் நிலைக்க என்ன வழி? (ஈரோடு)

என் கட்டிலுக்கு அடியில் 180. நீங்கள் கொஞ்சம் முன்னால் இருக்கிறீர்கள்.

பெயர் நிலைப்பது பற்றிக் குறுந்தொகையைக் கேளுங்கள். அதைப் பாடியவர்களில் சிலருடைய பெயர் தொலைந்துவிட்டது. தொகுத்தவர்கள் பார்த்தார்கள், பாட்டிலேயே ஒரு தொடரை எடுத்து அதையே பெயராக வைத்துவிட்டார்கள். செம்மண்ணில் விழுந்த மழையைச் சொன்னவர் செம்புலப்பெயனீரார். ஒரே ஒரு ஏர் வைத்திருக்கிற உழவனின் அவசரத்தைச் சொன்னவர் ஓரேருழவனார். குப்பைமேட்டில் விலக்கிவிட ஆளில்லாமல் சண்டைபோடும் கோழியைச் சொன்னவர் குப்பைக் கோழியார். அப்பா அம்மா வைத்த பெயர் என்ன, எந்த ஊர், எத்தனை பிரதி போயிற்று, ஒன்றும் தெரியாது. கோழி இருக்கிறது.

எனக்கு இவர்களில் மிகவும் பிடித்தவர் அணிலாடு முன்றிலார். 41-ஆம் பாட்டு. காதலன் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கிற ஊர்போல மகிழ்ச்சி, அவன் பிரிந்துபோனால் "மக்கள் போகிய அணிலாடு முன்றில்" போல ஆகிவிடுகிறேன் என்கிறாள். ஆள் விட்டுப்போன வீட்டின் முற்றம், அங்கே அணில் விளையாடுகிறது. வெறிச்சென்ற வீட்டைக் காட்ட நானாக இருந்தால் ஒட்டடை, இடிந்த சுவர் என்று போயிருப்பேன். இவர் ஓடியாடும் ஒரு உயிரைக் கொண்டுவந்து விடுகிறார். அணில் துள்ளத் துள்ள வீடு இன்னும் காலியாகிறது.

போன தை மாதம் ஊரில் எங்கள் பழைய வீட்டைப் பார்க்கப் போனேன். அண்ணன் குடும்பம் பெங்களூர் போய் ஆறு வருஷமாகிறது. பூட்டு துருப்பிடித்து, தேங்காயெண்ணெய் விட்டுத் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே முற்றத்தில், அப்பாவைக் கிடத்தியிருந்த வாசலுக்கு நேர் எதிரே, இரண்டு அணில். என்னைப் பார்த்ததும் ஓடவில்லை. நான் யார் என்பது போல ஒன்று நிமிர்ந்து பார்த்தது. நான்தான் கொஞ்ச நேரம் நிலைப்படியிலேயே நின்றேன்.